மரத்தூளில் புதைந்த உரோமச் சதுக்கம்: வெள்ளவத்தையில் நான்கு சனிக்கிழமைகள்

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியிலுள்ள சிறு மண்டபம் ஒன்றில், சனிக்கிழமை பிற்பகல் நான்கரை மணி முதல் ஆறரை மணி வரை நான்கு வாரங்கள் தமிழில் நடந்த ஒரு வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். பழைய உரோமாபுரியின் நடுவில் இருந்த ஃபோரம் என்ற பொதுச் சதுக்கம் எப்படி எழுந்தது, எப்படித் தாழ்ந்தது, இன்று அங்கே எஞ்சியிருப்பவை எவை என்பதுதான் பாடம். கட்டணம் 5,000 ரூபாய். தேநீரும் வடையும் அதற்குள் அடக்கம். நடத்துபவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தம்முடைய பெயரை எங்கும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரை ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறேன். வகுப்பில் எல்லோருக்கும் அவர் "சேர்".

பதினெட்டுப் பேர் இருந்தோம். உயர்தரத்தில் கிரேக்க, உரோம நாகரிகத்தைப் பாடமாக எடுத்திருக்கும் மாணவிகள் நால்வர், புதுக்கடையில் நாற்பது வருடம் வழக்காடி ஓய்ந்த சட்டத்தரணி ஐயா ஒருவர், பொறியியலாளர் ஒருவர், பலெர்மோவில் வசிக்கும் தம்பி வீட்டுக்குப் போய்வரும் வழியில் உரோமில் இரண்டு நாள் தங்கியிருந்த அக்கா ஒருவர் ஆகியோர் முன்வரிசையை நிரப்பியிருந்தார்கள். நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். ஆகவே குறைகளை முதலில் காண்பது என் தொழில் நோய் என்பதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்பின் தொடக்கத்திலேயே ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். பேக்கரியில் பாண் அடுக்கும் பெரிய தகரத் தட்டு ஒன்றை மேசையில் வைத்து, அதன் இரண்டு பக்கத்திலும் ஈரக் களிமண்ணைக் குவித்து, ஒன்று கப்பிட்டோலின் குன்று, மற்றது பலட்டைன் குன்று என்றார். பிறகு ஒரு செம்பிலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றினார். தண்ணீர் இரண்டு குவியல்களுக்கும் நடுவே தேங்கி நின்றது. "இதுதான் ஃபோரம். வேறொன்றுமில்லை, சேற்றுப் பள்ளம்" என்றார். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஆதிக் குடிகள் தங்கள் இறந்தோரைப் புதைத்தும் எரித்துச் சாம்பலைத் தாழியில் இட்டும் வந்திருக்கிறார்கள். குன்றுகளின் மேல் குடிசைகள், கீழே சுடலை. ஏறத்தாழ கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளத்தை மண்ணிட்டு உயர்த்திச் சரளைக் கல் பரப்பி, நீரைத் தைபர் ஆற்றுக்குக் கொண்டுபோகும் பெருவாய்க்காலையும் வெட்டினார்கள். பின்னாளில் மேலே மூடிக் கட்டப்பட்ட அந்தக் குளோவாக்கா மாக்சிமாவை உரோமர்கள் தார்க்குவின் அரசர்களின் பேரில் எழுதிவைத்தார்கள். ஆசிரியர் தட்டின் ஒரு மூலையில் போட்டிருந்த துளையின் அடைப்பைக் கழற்றினார். தண்ணீர் கீழிருந்த வாளிக்குள் இறங்கிற்று. மழை பெய்தால் காலி வீதியில் முழங்காலளவு நீரில் நடந்து பழகிய எங்களுக்கு, ஒரு பேரரசின் நடுமுற்றம் வடிகாலிலிருந்துதான் தொடங்கியது என்பதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சதுக்கம் என்ற சொல்லே இதற்குப் பொருந்தாது என்று சட்டத்தரணி ஐயா குறுக்கிட்டார். அவருக்கு ஆசிரியர் சொன்ன பதில் இந்த நான்கு வாரத்தில் நான் கேட்ட நல்ல உவமைகளில் ஒன்று. புறக்கோட்டைக் கடைத்தெருவையும் புதுக்கடை நீதிமன்றத்தையும் பழைய பாராளுமன்றக் கட்டடத்தையும் கூட்டம் கூடும் காலிமுகத்திடலையும் திறைசேரியையும் இரண்டு மூன்று கோயில்களையும் ஒரே வளவுக்குள் நெருக்கி வையுங்கள், பெரியவர்களின் பிரேத ஊர்வலமும் அந்த வழியாலேயே போகட்டும், அதுதான் ஃபோரம் என்றார். இதில் மிகையில்லை. கி.மு. 497இல் நேர்ந்தளிக்கப்பட்டதாக மரபு சொல்லும் சனி தேவனின் கோயிலுக்குள்ளேயே அரச கருவூலம் இருந்தது. கி.மு. 484இல் கஸ்தோர், பொல்லுக்ஸ் என்ற இரட்டையருக்குக் கோயில் வந்தது. கி.மு. 338இல் அந்தியம் நகரைத் தோற்கடித்துக் கொண்டுவந்த கப்பல்களின் முகப்பு அலகுகளைப் பேச்சு மேடையின் முகத்தில் அறைந்தார்கள். இலத்தீனில் அலகுக்கு ரொஸ்த்ரம் என்று பெயர். அதன் பன்மையே மேடைக்குப் பெயராகிவிட்டது. இறைச்சிக் கடைகளும் மீன் கடைகளும் மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அவற்றின் இடத்தில் வட்டிக்குப் பணம் கொடுப்பவர்கள் அமர்ந்தார்கள். கி.மு. 184இல் கேட்டோ கட்டிய பசிலிக்காவும், கி.மு. 179இல் எழுந்து பிற்பாடு எமிலியா என்று பெயர் பெற்றதும், வழக்குக்கும் வியாபாரத்துக்கும் கூரை போட்டுக் கொடுத்தன. பசிலிக்கா என்றால் தேவாலயம் என்று நினைத்திருந்த கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவருக்கு இது பெரிய வியப்பு. சொல் முதலில் நீதிமன்றத்துக்குரியது. தேவாலயம் அதைப் பிறகு எடுத்துக்கொண்டது.

தட்டின் மேல் அந்தந்தக் கட்டடங்களை ரிஜிபோமில் வெட்டி வைத்திருந்தார். தூண்களுக்கு ஊதுபத்திக் குச்சிகள். ஒழுங்காக அளவெடுத்துச் செய்த மாதிரி என்று சொல்லமாட்டேன். அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் வட்டக் கோயில், மூப்பர் அவையான செனட்டின் மண்டபத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது, தேநீர் டப்பாவின் மூடி அந்த அளவில்தான் கிடைத்தது என்று சிரித்தார்.

இரண்டாம் வகுப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. யூலியஸ் சீசர், அகஸ்தஸ், பிறகு வந்த பேரரசர்கள் என்று பெயர்களும் ஆண்டுகளும் ஓட்டமாக ஓடின. கி.மு. 52இல் குளோடியஸ் என்ற அரசியல்வாதியின் பிணத்தை ஆதரவாளர்கள் செனட் மண்டபத்துக்குள் கொண்டுபோய் அங்குள்ள பலகைகளையே விறகாக்கி எரித்ததில் மண்டபமும் சேர்ந்து எரிந்துபோனது. அதன் பின் சீசர் தொடங்கிய புதிய மண்டபத்தை அகஸ்தஸ் கி.மு. 29இல் திறந்துவைத்தார்; அதே ஆண்டில், சீசரின் சடலம் எரிக்கப்பட்ட இடத்தில் அவரைத் தெய்வமாக வைத்துக் கோயிலும் திறந்தார்கள். இவை எல்லாம் சரி. ஆனால் கையில் தந்த அச்சுக் குறிப்பில், சீசர் ஃபோரத்திலிருந்த செனட் மண்டபத்தில் குத்திக் கொல்லப்பட்டார் என்று இருந்தது. எரிந்த மண்டபம் அப்போது கட்டி முடியவில்லை என்று முந்திய பந்தியிலேயே எழுதிவிட்டு, அடுத்த பந்தியில் அதற்குள் ஒரு கொலையை நடத்துவது எப்படி? கொலை நடந்தது நகரின் வேறொரு பக்கத்தில், பொம்பே என்ற தளபதி கட்டிய நாடக அரங்கோடு சேர்ந்த கூட்ட மண்டபத்தில். நான் எழுந்து சொன்னேன். ஆசிரியர் முகம் கோணவில்லை. அடுத்த வாரம் திருத்திய தாளைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, பழைய தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துபவர்களிடம் இந்தப் பழக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை.

அந்த வகுப்பில் அவர் முன்வைத்த கருத்து ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஃபோரம் பளிங்கால் மினுங்கத் தொடங்கிய அன்றே அதன் தாழ்வும் தொடங்கிவிட்டது என்பது அவருடைய வாதம். கி.மு. 43இல் பெரும் பேச்சாளர் சிசரோவின் தலையையும் கைகளையும் வெட்டி, அவர் நின்று பேசிய அதே மேடையில் பார்வைக்கு வைத்தார்கள். அதன் பிறகு அந்த மேடையில் எவர் பேசினாலும் அது சடங்கே. தீர்மானங்கள் பலட்டைன் குன்றின் மேலிருந்த மாளிகைக்குப் போய்விட்டன. சீசரும் அவருக்குப் பின் அகஸ்தஸ், நெர்வா, திராயான் ஆகிய பேரரசர்களும் பக்கத்திலேயே தத்தம் பெயரில் புதிய சதுக்கங்களைக் கட்டிக்கொண்டார்கள், திராயானுடையது கி.பி. 112இல் திறக்கப்பட்டது. பழைய ஃபோரம் நினைவுச் சின்னங்களின் களஞ்சியமாயிற்று. அரசியலைப் பொறுத்தவரை இது சரியான வாதம் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் ஓரிடத்தின் உயிர் அரசியலில் மட்டும் இருப்பதில்லை. யூலியா பசிலிக்காவின் படிகளில் வேலையற்றவர்கள் கீறி வைத்த விளையாட்டுக் கட்டங்கள் இன்றும் இருக்கின்றன. ஆடு புலி ஆட்டத்துக்கு எங்கள் கோயில் மண்டபத் தரைகளில் கட்டங்கள் கீறியிருப்பது போலத்தான். வழக்குக்குக் காத்திருந்தவர்களும் வெயிலுக்கு ஒதுங்கியவர்களும் அங்கே நாள் முழுக்க இருந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இங்கே ஒரு மாணவியின் கண்ணைப் பாராட்டவேண்டும். கி.பி. 203இல் எழுப்பிய, பேரரசன் செப்திமியஸ் செவரஸின் வெற்றி வளைவின் படம் திரையில் விழுந்தபோது, கல்வெட்டின் நாலாவது வரியில் மட்டும் எழுத்துகளுக்கு நடுவே தேவையற்ற துளைகள் தெரிகின்றனவே என்று கேட்டாள். அதில் முதலில் செவரஸின் இளைய மகன் கேத்தாவின் பெயர் வெண்கல எழுத்துகளில் பதித்திருந்தது. தந்தை இறந்தபின் மூத்தவன் கரகல்லா தம்பியைக் கொன்று, பெயரையும் அகற்றி, அந்த இடத்தை வேறு புகழ்ச்சொற்களால் நிரப்பினான். பழைய எழுத்துகளை இறுக்கிய ஆணித் துளைகள் கல்லில் தங்கிவிட்டன. படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது மண்டபமே ஒரு கணம் பேச்சின்றி இருந்தது. அடுத்த கணம் கரையோரப் புகையிரதம் போனது. யன்னல் கண்ணாடிகள் அதிர, அந்த வாக்கியத்தின் பாதி எங்களுக்குக் கேட்கவில்லை. இந்த இடத்தின் நிரந்தரக் குறை இது. இரண்டு மணித்தியாலத்தில் நாலைந்து தடவை பேச்சை நிறுத்தவேண்டியிருக்கிறது.

மூன்றாம் வகுப்புக்காகவே இந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம்.

அன்று ஆசிரியர் மரக்காலையிலிருந்து ஒரு அரிசிச் சாக்கு நிறைய மரத்தூள் கொண்டுவந்திருந்தார். தட்டில் ஃபோரம் முழுமையாக நின்றது. அவர் பேசப் பேச, ஒரு நூற்றாண்டுக்கு ஒரு பிடி என்ற கணக்கில் மரத்தூளைத் தூவிக்கொண்டே போனார். உரோமாபுரி ஒரே இரவில் எரிந்து அழிந்தது என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட கதையோடு வந்திருந்த எங்களுக்கு, முதல் ஒரு மணித்தியாலம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். ஏனென்றால் ஃபோரம் அழிய மறுத்துக்கொண்டே இருந்தது. கி.பி. 283இல் பெருந்தீ, டயொக்கிளீசியன் எல்லாவற்றையும் திருப்பிக் கட்டினான், செனட் மண்டபம் உட்பட. இன்று நிற்பது அவன் கட்டியதுதான். மாக்செந்தியஸ் தொடங்கிய மாபெரும் பசிலிக்காவை 312க்குப் பின் கொன்ஸ்தந்தீன் முடித்தான். 330இல் தலைநகரே கிழக்கே போனபின்னும் சிலைகளும் கல்வெட்டுகளும் வந்துகொண்டிருந்தன.

அந்தப் பெரிய பசிலிக்காவின் அடியில் என்ன இருந்தது என்பதை ஆசிரியர் சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. முதலாம் நூற்றாண்டின் கடைசியில் தொமீசியன் அங்கே மிளகுக் கிடங்குகளைக் கட்டியிருந்தான். பெயரே மிளகுக் கிடங்குதான். புனிதப் பாதை என்ற அவர்களுடைய தலையாய வீதியின் ஓரத்தில், சேர நாட்டு முசிறியில் ஏற்றிய மூட்டைகள் இறங்கி விலைக்குப் போயிருக்கின்றன. பொன்னைக் கொண்டுவந்து மிளகைக் கொண்டுபோன யவனர் கப்பல்களை அகநானூற்றில் படித்தவர்கள் நாம்; அந்தக் கப்பல்களின் மறுகரை இதுவரை நமக்கு ஒரு மங்கல். அது எந்த வீதியில் எந்தக் கட்டடத்தில் என்று கைவிரலால் தொட்டுக் காட்டக்கூடியது என்பதை வெள்ளவத்தையில் ஒரு மாலையில் அறிந்துகொள்வேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதே மிளகு வீழ்ச்சியிலும் வருகிறது. 408இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியத் தலைவன் அலாரிக் விலகிப்போகக் கேட்டவற்றில் 5,000 இறாத்தல் பொன், 30,000 இறாத்தல் வெள்ளி ஆகியவற்றோடு 3,000 இறாத்தல் மிளகும் இருந்தது. கொடுத்தார்கள். இருந்தும் 410இல் அவன் உள்ளே வந்துவிட்டான்.

அந்தக் கொள்ளையோடு தொடர்புபடுத்தப்படும் தீயின் தடயம் எமிலியா பசிலிக்காவின் தரையில் இருக்கிறது. வண்ணப் பளிங்குத் தளத்தில் பச்சையாக, விரல்நுனி அளவில், ஒட்டிக்கொண்ட கறைகள். நாணயம் மாற்றுபவர்களின் செப்புக் காசுகள் கூரையோடு வந்த நெருப்பில் உருகிக் கல்லில் படிந்த இடங்கள் அவை. ஆசிரியர் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, இலங்கையில் கிடைத்த உரோமக் காசுகளின் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். நமது தீவில் மண்ணுக்குள்ளிருந்து வந்த உரோமக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். உருகிய காசுகளின் காலத்தவை. அங்கே தரையோடு ஒட்டிப்போனவற்றின் உடன்பிறப்புகள் இங்கே பானையிலும் வயலிலும் கிடைத்திருக்கின்றன. பலெர்மோ அக்கா அந்தத் தரையின் மேல் தான் நடந்திருப்பதாகவும், பச்சைக் கறையைப் பாசி என்று நினைத்ததாகவும் சொன்னார்.

பிடி பிடியாக மரத்தூள் ஏறியது. 455இல் வந்தல்கள் என்ற இன்னொரு படையெடுப்பாளர் கூட்டம் வந்தது. 500இல் உரோமுக்கு வருகை தந்த கோத்திய அரசன் தியோடெரிக், கொள்ளையடிப்பதற்கு மாறாகக் கட்டடங்களைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கினான். 537இல் முற்றுகையிட்டவர்கள் நீர்வழிகளை வெட்டினார்கள். பத்து இலட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் சில பத்தாயிரம் பேரே மிஞ்ச, அவர்களும் ஆற்று வளைவின் பக்கமாக ஒதுங்கினார்கள். வடிகாலைத் துப்புரவாக்க ஆளில்லை. குன்றிலிருந்து மண் சரிந்தது, ஆறு பெருகியபோதெல்லாம் வண்டல் வந்தது. முதல் வகுப்பில் அடைப்பைக் கழற்றிய துளையை ஆசிரியர் ஒரு துண்டுத் துணியால் அடைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்தார். மரத்தூள் நனைந்து ஊறித் தூண்களின் காலைப் பிடித்தது. சேற்றிலிருந்து வந்தது சேற்றுக்குள் போவதை வாயால் சொல்லாமல் கையால் செய்து காட்டிவிட்டார்.

608ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் அங்கே கடைசி நினைவுச் சின்னம் எழுந்தது. கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்த பேரரசன் போக்காஸுக்காக, 13.6 மீற்றர் உயரத்தில் ஒரு தூண். தூண்கூடப் புதிதல்ல, பழைய ஒன்றை எடுத்து நிறுத்தி, உச்சியில் பொன் பூசிய சிலையை வைத்தார்கள். இரண்டு வருடத்தில் போக்காஸ் கொல்லப்பட்டான், சிலையும் போயிற்று. தூண் மட்டும் நிற்கிறது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு சதுக்கத்தின் கடைசி வரி இரவல் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

இதன் பின் வந்த பகுதிதான் இந்த வகுப்பின் உயிர் என்று நான் கருதுகிறேன். எவை தப்பின, எவை போயின என்பதற்கு ஆசிரியர் ஓர் அளவுகோலைத் தந்தார்: யாருக்காவது பயன்பட்டவை தப்பின. செனட் மண்டபம் 630 அளவில் புனித ஹத்ரியானின் தேவாலயமாயிற்று, தப்பியது. பேரரசன் அந்தோனினஸ், அவன் மனைவி பௌஸ்தினா இருவருக்கும் 141இல் தொடங்கிய கோயிலுக்குள் ஒரு தேவாலயம் புகுந்துகொண்டது. பத்துத் தூண்களும் தப்பின. தீத்தஸின் வளைவைப் பிரபுக் குடும்பம் ஒன்று தன் அரணுக்குள் சேர்த்துக்கொண்டது, அதுவும் தப்பியது. யாருக்கும் பயன்படாத பளிங்கு சூளைக்குப் போனது. பளிங்கைச் சுட்டால் சுண்ணாம்பு என்பதைப் பொறியியலாளர் எழுந்து விளக்கினார். நமது தென் கரையில் முருகைக்கல்லைச் சுட்டது போலவே அங்கே தெய்வங்களின் கைகால்களைச் சுட்டிருக்கிறார்கள். கோயில் வாசலிலேயே சூளை வைத்திருந்தால் ஏற்றிறக்கக் கூலி மிச்சம். 1540இல் பாப்பரசர் மூன்றாம் பவுல், புனித பேதுரு பேராலயத்தின் கட்டுமானத்துக்கு ஃபோரத்திலிருந்து கல் எடுக்க அனுமதி கொடுத்தபின் அடுத்த பத்து வருடத்தில் போனது, காட்டுமிராண்டிகள் என்று நாம் படித்தவர்கள் கொண்டுபோனதைவிட அதிகம் என்று ஆசிரியர் சொன்னார். சட்டத்தரணி ஐயா மெல்ல, "கோணேசர் கோயில் கல்லும் கோட்டைச் சுவருக்குத்தானே போனது" என்றார். 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலையில் செய்ததை அங்கிருந்த எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தேநீர் வந்தது, யாரும் உடனே எழவில்லை.

சாக்கு வெறுமையானபோது தட்டில் தெரிந்தவை ஒரு வளைவின் மேற்பாதி, மூன்று ஊதுபத்திக் குச்சிகள் இணைந்து நின்ற இரட்டையர் கோயில், தனியே ஒரு குச்சி. அந்த மேட்டின் மேல் ஆசிரியர் தன் பேரப்பிள்ளையின் பிளாஸ்டிக் மாடுகள் இரண்டை வைத்தார். நூற்றாண்டுக் கணக்கில் அந்த இடத்துக்கு மாட்டு வெளி என்பதுதான் பெயர். மாடுகள் நீர் குடித்த பெரிய கருங்கல் தொட்டி 1818இல் குயிரினால் குன்றுக்குப் போய், இப்போது இத்தாலிய சனாதிபதி மாளிகையின் முன்னால் நீரூற்றாக இருக்கிறது.

நான்காம் வகுப்பு பாதி விபத்து. புரொஜெக்டரின் விளக்கு பத்தாம் நிமிடத்தில் அணைந்துவிட்டது. மாற்று விளக்கு இல்லை. ஆசிரியரின் கைப்பேசியைச் சுற்றிப் பதினெட்டுத் தலைகள் குனிந்தபடி மீதிப் படங்களைப் பார்த்தோம். பின்வரிசையிலிருந்தவர்கள் ஒன்றும் காணவில்லை என்று முறையிட்டார்கள், முறைப்பாடு நியாயமானது. கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்டவருக்கு மண்டபத்துக்குப் பொறுப்பானவர், அடுத்த தொகுதியில் அந்த ஒரு வகுப்புக்கு இலவசமாக வரலாம் என்று சொன்னார். வெளியூரிலிருந்து வருபவருக்கு அது என்ன பரிகாரம்?

பாடம் என்னவோ நல்ல பாடம்தான்: தோண்டி எடுத்த கதை. 1803இல் கார்லோ ஃபேயா செவரஸின் வளைவைச் சுற்றித் தொடங்கினார். 1813இல் அந்தத் தனித் தூணின் அடி தெரிந்து, கல்வெட்டைப் படித்த பிறகுதான் அது யாருக்கு எழுப்பியது என்பதே தெரிந்தது. 1898இலிருந்து கியாக்கோமோ போனி அடுக்கடுக்காக இறங்கினார். 1899இல் கருங்கல் தளம் ஒன்றின் அடியில், ஒரு வரி கீழிருந்து மேலாகவும் அடுத்தது மேலிருந்து கீழாகவும் உழவு சால் போல ஓடும் பழைய இலத்தீன் கல்வெட்டைக் கண்டார். கி.மு. ஆறாம் நூற்றாண்டினது. அதில் அரசன் என்ற சொல் இருக்கிறது. 1902இல் இன்னும் கீழே அந்தப் பழைய சுடலையே வெளிவந்தது. ஆசிரியர் இதைச் சொல்லிக்கொண்டே ஒரு தேக்கரண்டியால் மரத்தூளை வாரினார், வாளியின் மேல் தட்டைச் சாய்த்து முதல் வாரத்துக் களிமண் தெரியும் வரைக்கும்.

என் பெரிய மனக்குறை இங்கேதான். தோண்டும்போது இழந்தவற்றை அவர் போகிற போக்கில் விட்டுவிட்டார். 1900இல் ஆறாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கொண்ட பழைய மரியாள் தேவாலயத்தை வெளிக்கொணர அதன் மேலிருந்த பிற்காலத் தேவாலயத்தை இடித்தார்கள். செனட் மண்டபத்தை 1930களில் பழைய உருவுக்குத் திருப்பினார்கள்; ஆயிரத்து முந்நூறு வருடம் அதைக் காப்பாற்றிக் கொடுத்த தேவாலயத்தின் அலங்காரங்கள் உரித்தெடுக்கப்பட்டன. 1932இல் முசோலினி திறந்த அகல வீதி, பேரரசர்களின் சதுக்கங்களுக்கு மேலால் நேர்கோடாகப் போகிறது. பயன்பட்டதால் தப்பியவை, பழமை வேண்டும் என்று வந்தவர்களின் கையில் மாண்டதை ஒரு முழு வகுப்பாகச் சொல்லியிருக்கலாம். அவருடைய அளவுகோலே அதைக் கேட்டு நின்றது. அந்தோனினஸ் கோயிலின் படத்தை மட்டும் காட்டினார்: பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தேவாலயத்தின் கதவு, இன்றைய தரைக்குப் பல மீற்றர் மேலே, படியேதும் இல்லாமல் அந்தரத்தில் இருக்கிறது. கதவு வைத்த நாளில் மண் அவ்வளவு உயரத்தில் இருந்தது. கைப்பேசித் திரையில் அது ஒரு தீப்பெட்டி அளவே தெரிந்தாலும் எனக்கு நினைவில் நிற்கும் படம் அதுதான்.

கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கும் எவரும் கோட்டை எங்கே என்று கேட்பதில்லை. 1870ஐ அண்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் மதிலை இடித்தபின் பெயர் மட்டும் நின்றுவிட்டது; பிரிஸ்டல் வீதிப் பக்கம் ஒல்லாந்தர் காலத்து டெல்ஃப்ட் வாயில் ஒன்று கட்டடங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. கடைசி வகுப்புக்கு அடுத்த திங்கள் நான் வேலைக்குப் போகும் வழியில் அதைப் போய்ப் பார்த்தேன். பத்தொன்பது வருடமாக அதைக் கடந்து போயிருக்கிறேன்.

வர நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மாடிக்கு மின்தூக்கி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளவும். மின்விசிறி இரண்டும் இடது பக்கத்தில் இருக்கின்றன. முன்வரிசையில் இடது மூலைக் கதிரையைப் பிடித்தால் தட்டும் தெரியும், காற்றும் வரும். குறிப்புத் தாளிலுள்ள வரைபடத்தில் வடக்கு எது என்று குறிக்கவில்லை. ஒரு நல்ல வரைபடத்தைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வந்தால் பாதிக் குழப்பம் தீரும். உரோமுக்கே போகவிருப்பவர்களுக்குப் பலெர்மோ அக்கா சொன்னது: நுழைவுச்சீட்டு கொலோசியத்தோடும் பலட்டைன் குன்றோடும் சேர்ந்தது, ஆனால் உள்ளே போகுமுன் கப்பிட்டோலின் குன்றின் பின்பக்கம் போய் நின்றால், காசு கொடுக்காமலே முழுப் பள்ளத்தையும் மேலிருந்து காணலாம். அங்கே நின்று பார்த்தபோது ஒன்றும் புரியாமல் திரும்பியதாகவும், பேக்கரித் தட்டைப் பார்த்த பிறகுதான் தான் எடுத்த படங்களில் எது எது என்று அடையாளம் தெரிந்ததாகவும் சொன்னார்.

நான்கு வாரமும் வர இயலாதவர்களை ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு சேர்க்கிறார்கள். அப்படியானால் மூன்றாவதற்குப் போங்கள். மரத்தூள் தும்மல் வரவைக்கும், கைக்குட்டை கொண்டுபோகவும்.